அவரவர் வேலை

மைனாவிடம் ஒரு கேள்வி கேட்டால், கேள்வி முடிவதற்குள் பதில் வந்து விழும். பேசக் கற்றுக்கொண்ட நாளிலிருந்தே அப்படித்தான். மைனா என்ற பட்டப்பெயரே அதனால் வந்ததுதான். அவளுடைய அக்கா உயிரியல் ஆசிரியை. தெருவில் எல்லோருக்கும் டீச்சர். அம்மா போன பிறகு அந்த வாயாடிக்குத் தலைவாரி, சோறூட்டி, படிக்கவைத்து, தூரத்து நகரம் ஒன்றில் கல்யாணமும் செய்துகொடுத்தவள் அவள்தான். தங்கையின் பேச்சில் ஒரு நூல் பிசிறினாலும் அவளுக்குத் தெரிந்துவிடும்.

இப்போது பிசிறியது. குரல் எப்போதும்போல் கணீரென்றுதான் இருந்தது. ஆனால் தொலைபேசியில், "சாப்பிட்டியாடி?" என்று கேட்டால் ஒரு சின்ன இடைவெளி. யாரோ ஓர் அறையைக் கடந்து நடந்து வரும் அளவுக்கு. அந்த இடைவெளியில் மூச்சுச் சத்தம் கேட்கும், ஒருவருடைய மூச்சு மாதிரி இருக்காது. அதற்குப் பிறகுதான், "சாப்பிட்டோம் அக்கா! வயிறு நெறயச் சாப்பிட்டோம்!"

"தலைவலின்னியே, போயிடுச்சா?"

இடைவெளி. "போயிடுச்சு அக்கா. எங்க எல்லாருக்குமே போயிடுச்சு."

டீச்சருக்கு மூக்கில் வியர்த்தது. பக்கத்தில் நின்று யாரோ சொல்லிக்கொடுக்கிறார்கள். அடிக்கிறார்களோ, பட்டினி போடுகிறார்களோ. பெண்ணைக் கொடுத்தவர்களுக்கு வரும் எல்லாச் சந்தேகமும் வரிசையாக வந்து அவள் தலைமாட்டில் உட்கார்ந்தன. பள்ளி விடுமுறை விட்டதும் சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறினாள். ஒரு தழும்பு, ஒரு கன்றிப்போன இடம், எதுவாவது கண்ணில் பட்டால் போதும். கையோடு கூட்டி வந்துவிடுவது.

அந்த வீட்டின் வெளிக்கதவைத் திறந்தவர் மாப்பிள்ளையின் அண்ணன். கல்யாணத்தன்று ஓயாமல் சிரித்துப் பேசிய மனுஷன். இப்போது ஒரு வார்த்தை பேசவில்லை. கையை நீட்டி உள்ளங்கையை அவள் தோளில் வைத்தார், பெட்டியில் வைத்தார், மறுபடி தோளில் வைத்தார். கை சொரசொரவென்று இருந்தது. முகமும் அப்படித்தான். வெயிலில் காய்ந்த முகம் என்று சொல்ல முடியாது; குதிகால் போலத் தடித்து, மங்கி, அங்கங்கே வெள்ளையாகச் செதில் விட்டிருந்தது. கண்கள் அவளைத் தாண்டி எங்கோ நின்றன.

"பெட்டியை அங்கயே வை அக்கா!" உள்ளேயிருந்து மைனாவின் குரல் பறந்து வந்தது. "அது அவர் வேலை இல்ல. ஆள் வருது!"

மாப்பிள்ளை வந்தார். புத்தகம் நிறைந்த பெட்டியை ஒரு விரலில் தூக்கிக் கூடத்தில் வைத்துவிட்டு, சுவரோரம் போய் நின்றார். நின்றபடியே இருந்தார். அவருடைய கைகள் மட்டும் பெருத்திருந்தன. மீதி உடம்பு அந்தக் கைகளைத் தாங்குவதற்காக ஒப்புக்கு இருந்தது போலிருந்தது. "நல்லா இருக்கீங்களா மாப்பிள்ளை?" என்று கேட்டாள். அவர் அசையவில்லை. வீட்டின் கடைசி அறையில் நாற்காலியில் கண்மூடி உட்கார்ந்திருந்த மாமனார் தலையை மட்டும் லேசாக இந்தப் பக்கம் திருப்பினார்.

"நல்லா இருக்கார், நல்லா இருக்கார்!" என்றாள் மைனா. "என்னக்கா, கண்ணு ரெண்டும் துப்பறியுது? தங்கச்சி இளைச்சிட்டாளான்னு பாக்குறியா? பாரு, பூசணிக்கா மாதிரி இருக்கேன்!"

உண்மைதான். கன்னம் பூரித்து, உதடு சிவந்து, அடிபட்ட அடையாளம் எதுவுமில்லாமல் இருந்தாள். டீச்சர் அவளைக் கட்டிக்கொண்டாள். எண்ணெய், சோப்பு, வியர்வை என்று தங்கைக்கென்று ஒரு வாசனை உண்டு. அது இல்லை. வேறொன்று இருந்தது. புண்ணின் கட்டைப் பிரிக்கும்போது அடியிலிருந்து எழும் வெதுவெதுப்பான வாடை. அந்த வாடை சுவரில் இருந்தது, திரைச்சீலையில் இருந்தது, மாப்பிள்ளை மேலும் இருந்தது.

பேசாத குடும்பம், அவ்வளவுதான் என்று முதலில் சமாதானம் சொல்லிக்கொண்டாள். பேச்சுக்குத்தான் மைனா இருக்கிறாளே. ஊமைகள் நடுவில் உளறுவாயன் ராஜா. ஆனால் சமாதானம் சாயங்காலம் வரைகூடத் தாங்கவில்லை.

மதியம் எல்லோரும் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்தார்கள். மாமியார் முன்னால் மட்டும் தட்டு. அந்த அம்மாள் குனிந்த தலை நிமிராமல், சத்தமாக மென்று, சோற்றை மலைபோல் குவித்துக் குவித்துத் தின்றாள். மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவள் விழுங்கும்போதெல்லாம் எல்லோருடைய தொண்டையும் ஏறி இறங்கியது. மைனாவுடையதும்.

"நீ ஏண்டி சாப்பிடல?"

மாமனாரின் தலை திரும்பியது. நாத்தனார் எழுந்தாள். மாப்பிள்ளையின் தங்கை அவள், எந்நேரமும் வீட்டுக்குள் சுற்றிக்கொண்டே இருப்பவள். மாமனாரின் மணிக்கட்டைத் தொட்டாள், நடந்து வந்தாள், மைனாவின் மணிக்கட்டைத் தொட்டாள். மைனா சிரித்தாள்.

"சாப்பிடுறோமே அக்கா, பாக்கல நீ? உனக்குத் தனித் தட்டு வருது. இன்னும் நீ விருந்தாளிதானே."

அந்த 'இன்னும்' டீச்சரை உறுத்தியது.

சாப்பாட்டுக்குப் பிறகு தங்கையை அறைக்குள் இழுத்துப்போய்த் தலைவார உட்கார்த்திவைத்தாள். சீப்பு ஓடும் சரக் சரக் சத்தத்துக்கு அடியில், காதோடு காதாகக் கேட்டாள். "உண்மையைச் சொல்லு. அடிக்கிறாங்களா?"

மைனாவின் முதுகு அசையவில்லை. காது மடலில் டீச்சரின் மூச்சு பட்டும் கழுத்து கூசவில்லை. சின்ன வயதில் காதில் ஊதினால் வீட்டையே கூட்டுவாள்.

கடைசி அறையில் நாற்காலி கிரீச்சிட்டது. காலடிகள். ஈரக் கையோடு நாத்தனார் உள்ளே வந்து, மைனாவின் மணிக்கட்டைத் தொட்டுவிட்டுப் போனாள்.

"அடிக்கறதா! நல்லா கேட்டே போ!" மைனா குலுங்கிச் சிரித்தாள். "கை ஓங்குற வேலையே இங்க யாருக்கும் கிடையாது அக்கா."

டீச்சர் சீப்பைக் கீழே வைத்தாள். வேண்டுமென்றே, தங்கையின் முதுகுக்குப் பின்னால், ஒரு பித்தளைச் செம்பைத் தூக்கித் தரையில் போட்டாள். செம்பு எம்பி, உருண்டு, சுவரில் மோதி அடங்கியது. மைனா இமைக்கவில்லை. இரண்டு அறைகளுக்கு அப்பால் மாமனார் துள்ளினார், நாற்காலிக் கால் தரையைக் கீறியது. காலடிகள் வந்தன. ஈரக் கை தொட்டது.

"என்னக்கா விழுந்துச்சு?"

ஒவ்வோர் ஆண்டும் அதே வகுப்பில், அதே கரும்பலகையில் டீச்சர் எழுதும் பாடம் தானாக மனதில் விரிந்தது. ஒரே செல்லாக வாழும் உயிர் எல்லாவற்றையும் தானே செய்துகொள்ளும். அதுவே தின்னும், அதுவே நகரும், ஆபத்து வந்தால் அதுவே உணர்ந்து சுருங்கும். பல செல்கள் சேர்ந்து வாழத் தொடங்கினால் அது முடியாது. ஒன்று தசையாகும், சுருங்குவதைத் தவிர வேறு தெரியாது. ஒன்று நரம்பாக நீளும். ஒன்று தோலாகி, தடித்து, செத்து, வெளியே நிற்கும். ஒரே மாதிரி செல்கள் சேர்ந்தால் திசு, திசுக்கள் சேர்ந்தால் உறுப்பு, உறுப்புகள் சேர்ந்தால் ஓர் உடம்பு. "வீடு மாதிரிதான் பிள்ளைகளா," என்று முடிப்பாள். "அவரவர் வேலையை அவரவர் பார்த்தால் வீடு நடக்கும்."

உளறாதே, என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். இதற்குப் பின்னால் யாரோ இருக்கிறார்கள். சொல்லிச் செய்விக்கிற ஒருவர். அந்த ஆளைக் கண்டுபிடித்துவிட்டால் சண்டை போடலாம், போலீசுக்குப் போகலாம். மாமியாரா? அந்த அம்மாளுக்குத் தட்டுக்கு வெளியே உலகமில்லை. மாமனாரா? அவர் காதில் வாங்கினார், அவ்வளவுதான். சாயங்காலம் வரை அவள் ஒவ்வொரு முகமாகத் தேடினாள். எந்த முகத்திலும் அதிகாரம் இல்லை. யாரும் சொல்லவில்லை. யாரும் மீறவும் இல்லை.

நாத்தனார்தான் எல்லோரிடமும் போகிறவள், அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று தோன்றியது. கொல்லைக் குழாயடியில் அவளைத் தனியாக மடக்கினாள். வெளிறிய, மெலிந்த பெண். நடுவில் குழிவிழுந்த வட்டத் தட்டு போன்ற முகம்.

"உனக்கு என்ன வயசும்மா?"

அந்தப் பெண் சிரித்தாள். மிக இனிமையான, உள்ளே ஒன்றுமே இல்லாத சிரிப்பு. டீச்சரின் மணிக்கட்டை ஈர விரல்களால் ஒருமுறை தொட்டாள். வீட்டுக்குள் போனாள். டீச்சர் அங்கேயே நின்றாள். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. கூடத்திலிருந்து, நடுவில் இருந்த சுவர்களையெல்லாம் தாண்டி, மைனாவின் குரல் வந்தது.

"வயசெல்லாம் அவளுக்கு எதுக்கு அக்கா? எடத்தை அடைக்கும். சுமக்கணும்ல அவ."

ரத்தத்தின் சிவப்பணு முதிரும்போது தன் உட்கருவையே வெளியே தள்ளிவிடும். சுமப்பதற்கு இடம் வேண்டும் என்று. அதுவும் பாடத்தில் இருந்தது. பிள்ளைகள் எப்போதும் அந்த இடத்தில் "ஐயோ பாவம்" என்பார்கள்.

இருட்டத் தொடங்கியது. ஒருவரும் விளக்கைப் போடவில்லை. டீச்சர் சுவரைத் தடவிச் சுவிட்சைக் கண்டுபிடித்து அழுத்தினாள், எதுவும் எரியவில்லை. அண்ணாந்து பார்த்தபோது, மங்கல் வெளிச்சத்தில், பல்பு இருக்க வேண்டிய இடத்தில் சிலந்திவலை தொங்கியது. எல்லா அறையிலும் அப்படியே. அந்த இருளுக்குள் அவர்கள் ஒருவரோடொருவர் இடித்துக்கொள்ளாமல் நடந்தார்கள். துணி உரசும் சத்தம். வெறுங்கால் சத்தம். மெல்லும் சத்தம். அவள் முகத்துக்கு மிக அருகே ஒரு மூச்சு வந்து நின்றது.

"அக்கா," என்றாள் மைனா. "நீ நல்லா பாக்குறே. சின்னப் பிள்ளைலேர்ந்தே உனக்கு மைக்ராஸ்கோப்புக் கண்ணு. எங்க வீட்டுல பாக்கறதுக்குத்தான் ஆள் இல்ல."

இருட்டில் எல்லா மூச்சும் ஒரே நேரத்தில் உள்ளே போய், ஒரே நேரத்தில் வெளியே வந்தது.

அன்றிரவு டீச்சர் கதவுக்குப் பெட்டியை முட்டுக்கொடுத்துவிட்டு உட்கார்ந்தே இருந்தாள். ஓடிவிடலாம். இப்போதே ஓடலாம், அவளை யாரும் பிடித்துவைக்கவில்லை. ஆனால் தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடுமாம். அந்தச் சதை பக்கத்து அறையில், அவர்கள் நடுவில் கிடந்தது. அதை விட்டுவிட்டு எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது?

விடியும்போது ஒரு யோசனை இருந்தது. அதுவும் பாடத்திலிருந்து வந்ததுதான். வயிறு முட்டத் தின்றால் ரத்தம் குடலைத் தேடிப் போகும், மற்றதெல்லாம் அசந்துவிடும்.

"இன்னிக்கு நான் சமைக்கிறேன்," என்றாள்.

இடைவெளி. காலடி. தொடுகை. "ஆஹா! டீச்சர் சமையலா! பாடம் மாதிரி காரமா இல்லாம இருந்தா சரி."

நெய்யும் கிழங்கும் சோறுமாக, அந்த வீட்டின் பெரிய பாத்திரம் வழியச் சமைத்தாள். மாமியார் தின்றாள். போடப் போடத் தின்றாள். நெற்றி வியர்த்தது, கண் சொருகியது, அப்போதும் தாடை நிற்கவில்லை. வரிசையில் ஒவ்வொருவராக ஏப்பம் விட்டார்கள். நாத்தனாரின் நடை தளர்ந்தது. மாமியாரின் வயிற்றோரமாகவே உட்கார்ந்து, அவள் மணிக்கட்டைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

பிறகு எல்லோரும் கூடத்துத் தரையில் படுத்தார்கள்.

டீச்சர் வாசல்படியில் நின்று பார்த்தாள். வெளியே நல்ல வெயில், தெருவில் சைக்கிள் மணி. உள்ளே அவர்கள் செங்கல் அடுக்கியதுபோலக் கிடந்தார்கள். ஒருவர் தோளின் வளைவு அடுத்தவர் அக்குளில் பொருந்தி, ஒருவர் முழங்கால் அடுத்தவர் முழங்காலின் மடிப்பில் அடங்கி, ஓர் ஊசி நுழையக்கூட இடைவெளி இல்லாமல். வெங்காயச் சவ்வை உரித்து நுண்ணோக்கியில் வைத்தால் பிள்ளைகள் முதலில் பார்ப்பது இதைத்தான். நடுவில் மைனா.

குனிந்தாள். தங்கையின் இரு கைகளையும் பிடித்தாள். இழுத்தாள்.

வரவில்லை.

மறுபடி இழுத்தாள். பழத்தோல் உரிவது போல மெல்லிய ஈரச் சத்தம். மைனாவின் கை மாப்பிள்ளையின் கையிலிருந்து பிரிந்தது. பிரிந்த இடம் நெடுகச் சிவப்பாக ஈரம் துளிர்த்தது. காயம் இல்லை. வெறும் ஈரம்தான். டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டாள். முதுகு பிரிந்தது. தொடை பிரிந்தது. மைனா எழுந்து நின்றாள், கண்கள் திறந்து, எங்கும் பார்க்காமல்.

வெளிக்கதவருகே மாப்பிள்ளையின் அண்ணன் தெருவைப் பார்த்து நின்றிருந்தார். அவர் மட்டும் படுக்கவில்லை. உள்ளங்கை டீச்சரின் தோளில் விழுந்தது. விலகியது. மைனாவின் தோளில் விழுந்தது. அங்கேயே நின்றது. அந்தத் தடித்த முகத்தில் ஒரு சலனமும் இல்லை. யாரிடமிருந்தோ ஒரு செய்திக்காகக் காத்திருப்பது போல் நின்றார். செய்தி வரவில்லை. கை இறங்கியது.

தெருவில் கால் வைத்ததும் மைனா அலறினாள்.

"வலிக்குதே! ஐயோ, வலிக்குதே எங்களுக்கு!"

முகம் அமைதியாக இருந்தது. வாய் மட்டும் அலறியது. சைக்கிள்காரன் காலை ஊன்றி நின்று பார்த்தான். டீச்சர் திரும்பாமல் போயிருக்கலாம். திரும்பினாள். திறந்த கதவுகளின் வழியே கூடம் தெரிந்தது. தரையில் கிடந்தவர்கள் மெதுவாக, கண் திறக்காமல், ஒருவரை நோக்கி ஒருவர் நகர்ந்துகொண்டிருந்தார்கள். மைனா கிடந்த இடம் ஓர் ஆள் அகலத்திலிருந்து ஒரு சாண் அகலமானது. ஒரு விரல் அகலமானது. மூடியது. ஓரத்தில் நாத்தனார் வாயைத் திறந்து திறந்து மூடினாள், எதையோ பழகிப் பார்ப்பது போல.

பஸ்ஸில் ஏறியதும் மைனா அடங்கிவிட்டாள். தலை ஒரு பக்கம் தொங்கியது, கண் மூடவும் இல்லை, பார்க்கவும் இல்லை.

"என்னம்மா, பாப்பாவுக்கு முடியலையா?" என்றார் கண்டக்டர். "வாந்தி வந்தா சன்னல் பக்கம் காட்டுங்க தாயே. சட்டை இன்னிக்குத்தான் புதுசு."

டீச்சர் தங்கையின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். அது நூலாக ஓடியது, தடுக்கியது, நின்று நின்று வந்தது. "இருடி, இரு, போயிடாதே," என்று காதில் சொல்லிக்கொண்டே கையை விடாமல் உட்கார்ந்திருந்தாள். வயல்வெளிகள் போயின, பாலம் போயிற்று. கொஞ்சம் கொஞ்சமாக நாடி சீரானது. தன்னுடைய நாடியோடு சேர்ந்து, ஒன்றன்மேல் ஒன்றாகத் துடித்தது. டீச்சருக்குக் கண்ணில் நீர் முட்டியது. பிழைத்துக்கொண்டாள்.

"தாகமா இருக்கு," என்றாள் மைனா.

டீச்சர் அவசரமாகப் புட்டியைத் திறந்து அவள் வாயில் வைத்தாள். தண்ணீர் உதட்டோரம் வழிந்து கழுத்தில் இறங்கியது. விழுங்கவே இல்லை. பதற்றத்தில் டீச்சருக்கே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மீதியைத் தான் குடித்தாள்.

"அப்பாடா," என்றாள் மைனா.

அதை அப்போது டீச்சர் யோசிக்கவில்லை. யோசிக்கக்கூடாது என்று முடிவு செய்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகு டாக்டர் வந்து பார்த்தார். அதிர்ச்சி, காலம் போனால் சரியாகும், மனுஷத் துணை வேண்டும் என்றார். டீச்சர் துணை இருந்தாள். கைபிடித்து நடத்தினாள், பக்கத்திலேயே படுத்தாள். மைனா தேறினாள், பேச்சு திரும்பியது. நாளுக்கு நாள் வாய் நீண்டது. சன்னலோரம் உட்கார்ந்து, போகிற வருகிற எல்லோரிடமும் அரட்டை. அந்தக் குரல் வீட்டில் நிறைந்தபோது டீச்சருக்கு நிம்மதியில் வாய் திறக்கக்கூடத் தோன்றவில்லை.

பள்ளி திறந்தது. முதல் வகுப்பு. டீச்சர் சாக்குக்கட்டியை எடுத்து, பிள்ளைகள் பக்கம் திரும்பி, வாயைத் திறந்தாள்.

ஒன்றும் வரவில்லை.

தொண்டை கட்டியிருக்கும். வெந்நீர் குடித்தாள். கரும்பலகையில் எழுதிச் சமாளித்தாள். மாலையில் வீடு திரும்பும்போது எதிர்வீட்டுத் தையல்காரம்மா வழிமறித்தாள். கழுத்தில் அளவு நாடாவும் உதட்டில் குண்டூசியுமாகவே தெருவுக்குப் பழக்கமானவள், நல்ல மனசுக்காரி.

"டீச்சர், உங்க தங்கச்சிக்கு என்ன, உங்க உத்தியோகத்து மேல கண்ணா? காலைல சன்னல்ல உக்காந்துக்கிட்டுப் பாடம் நடத்துது! செல்லாம், திசுவாம், உறுப்பாம். அச்சு அசல் நீங்கதான். நான் மிஷினை நிறுத்திட்டு முழுசாக் கேட்டேன், ஒரு மண்ணும் புரியல!"

டீச்சர் அவளையே பார்த்தாள். காலையில். எந்த நேரத்தில் என்று கேட்க நினைத்தாள்.

"முதல் மணி அடிச்சதுமே அக்கா!" என்றது சன்னலிலிருந்து மைனாவின் குரல்.

"பாத்தீங்களா," என்று தையல்காரம்மா சிரித்தாள், "நான் சொல்றதுக்கு முன்னாடி அது சொல்லுது."

அன்று முதல் டீச்சர் தனியாக இருக்கும்போதெல்லாம் முயற்சி செய்தாள். கிணற்றடியில். மூடிய குளியலறையில். தன் பெயரைச் சொல்ல. அம்மா என்று சொல்ல. உதடு அசைந்தது, காற்று வந்தது. வீட்டுக்குள்ளிருந்து மைனா சொன்னாள்: "அம்மா."

நகமும் சதையுமாக இருக்கிற அக்கா தங்கச்சி என்று தெருவில் பாராட்டினார்கள்.

கையை விடலாம். முன்பு பள்ளிவேளை முழுதும் தாங்கியது; இப்போது கொஞ்ச நேரம் விட்டாலே மைனாவின் நாடி நூலாகிவிடும். ஒரு மாலை விட்டுப் பார்த்தாள். தங்கையின் உதடுகள் நீலம் பாய்ந்தன. டீச்சருக்கே மார்பு அடைத்தது. ஓடிவந்து மறுபடி பிடித்துக்கொண்டாள்.

ஒரு மத்தியானம் தையல்காரம்மா வந்தாள். கதவைத் தட்டிக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தாள். "டீச்சர், லீவா? உடம்பு சரியில்லையாமே. கஞ்சி கொண்டுவந்தேன்."

வராதே.

டீச்சர் எழுந்தாள். வராதே, போயிடு, இந்தப் படியை மிதிக்காதே. கழுத்து நரம்பு புடைக்க, முழுப் பலத்தோடு, வாயைத் திறந்தாள்.

"வாங்கக்கா, உள்ள வாங்க!" என்றாள் மைனா பின்னாலிருந்து. "உங்களைத்தான் நெனச்சிக்கிட்டே இருந்தோம். இங்க கை வேலைக்குத்தான் ஆளே இல்ல."

டீச்சர் தலையை ஆட்டினாள். இல்லை என்று ஆட்டத்தான் நினைத்தாள்.

தையல்காரம்மா உட்கார்ந்தாள், கஞ்சிப் பாத்திரத்தை வைத்தாள், பேச்சைத் தொடங்கினாள். "காலைல ஒருத்தி வந்தா பாருங்க. ரெண்டு சுத்து பெருத்திருக்கா. போன வருஷத்து அளவுலயே தைச்சுக் குடுங்கறா. நான் சொன்னேன், அடியே, ஊசி நான் சொன்னாக் கேக்கும், துணி நான் சொன்னாக் கேக்கும்..."

டீச்சர் தன் கையைப் பார்த்தாள். அது நீண்டிருந்தது. தையல்காரம்மாவின் மணிக்கட்டைச் சுற்றி அதன் விரல்கள் மூடியிருந்தன.

தையல்காரம்மாவின் வாய் திறந்தபடி நின்றது.

"உன் இடுப்பு கேக்குமான்னேன்!" என்று முடித்தாள் மைனா.

மைனா சிரித்தாள். சத்தமாக, மனம்விட்டு, தெருவரைக்கும் கேட்க. தையல்காரம்மாவின் தோள்கள் குலுங்கின. டீச்சரின் தோள்களும் குலுங்கின. பிறகு, டீச்சரின் விரல்களும் அந்த மணிக்கட்டும் சேர்ந்த இடத்துக்கு, தையல்காரம்மாவின் மறு கை மெதுவாக வந்தது. ஊசியில்லாமல், நூலில்லாமல், நெருக்கமாக, அழகாக, தைக்கத் தொடங்கியது.